பிலோமினாம்மாவின் குரல் எங்கே?

போன ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்த கையோடு, ஸ்டெல்லா அக்கா என் வீட்டுக்கு வந்தார். பட்டுப்புடவை. தலையில் பூ. எதற்கு? செத்துப்போன தன் அம்மாவின் குரலைக் கேட்பதற்கு.

கேட்கவில்லை. கேட்க விடவில்லை! அதனால்தான் இந்த வாரம் கொஞ்சம் சூடாக எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டெல்லா அக்கா எங்கள் தெருக்காரர். ராயபுரம் கல்மண்டபம் மார்க்கெட்டில் மீன் விற்கிறார். அவருடைய அம்மா பிலோமினாம்மாவும் அங்கே மீன் விற்றவர்தான். ஆனால் அவர் வாழ்க்கையில் இன்னொரு வேலையும் பார்த்திருக்கிறார் — வேற்றுக் கிரகவாசி வேலை.

சிரிக்காதீர்கள், நிஜம்தான். நான் டவுசர் போட்டுத் திரிந்த காலத்தில் எண்ணூர் மணலில் ஒரு விண்வெளிப் படம் எடுத்தார்கள். தமிழ்ப் படம். பெயரைச் சொல்ல மாட்டேன். இப்போது அதை விற்கிறவர்களுக்கு இலவச விளம்பரம் எதற்கு? ராக்கெட் ஒரு கிரகத்தில் இறங்க வேண்டும், அங்கே இருப்பவர்கள் அலறியடித்து ஓட வேண்டும். அதற்குத்தான் எங்கள் பக்கத்து மீன்காரப் பெண்களை வேனில் ஏற்றிப்போய், வெள்ளிக் காகிதத்தில் உடுப்பு மாட்டி நிற்க வைத்தார்கள்.

டைரக்டர் ‘ஓடுங்க’ என்று கத்தினார். ஓடினார்கள் — ராக்கெட்டைப் பார்த்து!

அவர்கள் மேல் என்ன தப்பு? கரையோரமாக ஒன்று புஸ்ஸென்று வந்து நிற்கிறது. அலைச் சத்தம் கேட்கிறது. நாலு பேர் கத்துகிறார்கள். மீன்பிடிப் படகு வந்தால் முந்திக்கொண்டு ஓடுகிறவருக்குத்தான் நல்ல மீன். வாழ்க்கை முழுக்க அப்படி ஓடிய கால்கள் அன்றைக்கு மட்டும் பின்பக்கமாக ஓடுமா? எல்லோருக்கும் முன்னால் பிலோமினாம்மா. ராக்கெட் கதவைத் தட்டி, உள்ளே இருந்த கதாநாயகனிடம் ஒரு அதட்டல்:

“இன்னாப்பா கீது உள்ள? மொதல்ல நான்தான் வந்துகீறேன்... எனக்குக் காட்டு!”

டைரக்டர் தலையில் கை வைத்தாராம். அப்புறம் சிரித்தாராம். அதையே படத்தில் வைத்துவிட்டார். அந்தக் காலத்தில் படப்பிடிப்பு முடிந்தபிறகு குரலைத் தனியாகப் பதிவு செய்வார்கள். அதற்கும் பிலோமினாம்மாவையே கோடம்பாக்கத்துக்குக் கூட்டிப்போனார்கள். ‘மைக்காண்ட வராதம்மா, தள்ளி நில்லு, இன்னும் தள்ளி நில்லுன்னு கதவு வரைக்கும் தள்ளிட்டாங்கோ’ என்று சாகும் வரைக்கும் சொல்லிச் சிரிப்பாராம்.

படம் வந்தபோது ராயபுரத்தில் அந்த ஒரு வசனத்துக்கு விசில் அடங்கவில்லை. சினிமாவில் எங்கள் பேச்சு என்றால் ரவுடிக்கும் கோமாளிக்கும்தானே கொடுப்பார்கள்? முதல்முறையாக ஒரு கிரகத்துக்கே எங்கள் பேச்சு. மற்ற ஊர்களில் படம் அப்போது ஓடவில்லை. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே பிற்பாடு கிளாசிக் ஆனது. இன்றைக்கும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் காட்சியில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

ஆனால் பார்க்க வழியில்லை. யாருக்கு உரிமை என்று தகராறு. டிவியிலும் வரவில்லை, கேசட்டிலும் வரவில்லை. வீட்டுக்கு வீடு செல்போன் வருவதற்கு முன்பே பிலோமினாம்மா போய்விட்டார். ஸ்டெல்லா அக்காவிடம் அம்மாவின் போட்டோ இருக்கிறது. குரல் இல்லை. அந்த ஒரு வசனத்தைத் தவிர, உலகத்தில் எங்கேயும் இல்லை.

இந்த நிலைமையில்தான் தகராறு தீர்ந்து அறிவிப்பு வந்தது. கலெக்டர்ஸ் எடிஷன்! படம் சேர்த்து வைக்கிறவர்களுக்கென்றே டிஸ்க்கில் ஒரு விசேஷப் பதிப்பு. புதுப்பித்த பிரின்ட், இரும்புப் பெட்டி, படப் புத்தகம், போஸ்டர். பழைய டிஸ்க் சேர்க்கிற பைத்தியம் எனக்கு உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வரவழைத்தேன். வந்ததும் வாய் சும்மா இருக்காமல் ஸ்டெல்லா அக்காவிடம் போய், “உங்கம்மா குரலைக் கேக்கலாம், வாங்கக்கா” என்று சொல்லிவிட்டேன்.

பெட்டியைக் கையில் வாங்கியதும் அக்கா அப்படியே நின்றுவிட்டார். மேலட்டையில் யார்? பிலோமினாம்மா! வெள்ளி உடுப்பு பறக்க, வாயைத் திறந்துகொண்டு ஓடி வருகிறார்.

“பாத்தியா நைனா, ஈரோவ வெக்காம எங்கம்மாவ வெச்சிகீறான்!” என்று பெட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

டிஸ்க்கைப் போட்டேன். படம் பளிச்சென்று இருந்தது. பொய் சொல்லக் கூடாது. எண்ணூர் மணல் பொட்டுப் பொட்டாகத் தெரிந்தது. ராக்கெட் இறங்கியது. பெண்கள் ஓடி வந்தார்கள். அக்கா சோபா நுனிக்கு வந்துவிட்டார். பிலோமினாம்மா வாயைத் திறந்தார்...

“விண்வெளி வீரரே! தங்கள் வருகையின் நோக்கம் யாது?”

செய்தி வாசிக்கிற குரல். வழுவழுவென்று. உதடு ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். “யார்றா இவ? எங்கம்மா வாயில யாரோ பேசினுகீறா...”

மறுபடி போட்டேன். அதே யாது! மெனுவில் தேடினேன். இந்தி இருந்தது, இங்கிலீஷ் இருந்தது. பழைய ஒலி மட்டும் எங்கேயும் இல்லை.

“சவுண்ட மூடு நைனா” என்றார். மூடினேன். ஊமைப் படமாக ராக்கெட் இறங்கியது. அம்மா வாய் திறந்தபோது அக்காவும் வாயைத் திறந்தார். “இன்னாப்பா கீது...” அதற்கு மேல் வரவில்லை.

“எனக்கு அந்த அதட்டல் வராது. அது எங்கம்மாவுக்குத்தான் வரும்.”

மூக்கை உறிஞ்சிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். “உக்காந்துகினு கீறியே! போன் போட்டுக் கேளேன், ரைட்டரு!”

என் கூச்ச சுபாவம் உங்களுக்குத் தெரியும். டீக்கடையில் சர்க்கரை குறைவென்றால்கூட சொல்ல மாட்டேன். ஆனாலும் மறுநாள் பெட்டியில் இருந்த எண்ணுக்கு போன் செய்தேன். ஒரு இளைஞர் பேசினார். மரியாதையான பையன்தான்.

“அந்த ஒலி கெட்டுப்போச்சா தம்பி?”

“இல்ல சார், நல்லாவே இருக்கு. எங்ககிட்டதான் இருக்கு. ஆனா லாங்குவேஜ் கொஞ்சம்... லோக்கலா இருந்துச்சு. இது வெளிநாட்டுக்கெல்லாம் போகுது சார். அதுவும் இல்லாம, வேற கிரகத்துல ராயபுரம் பாஷை பேசினா லாஜிக் இடிக்குதுல்ல?”

நான் என்ன சொன்னேன்? “சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டேன்.

அக்காவிடம் சொன்னபோது அவர் முறைத்த முறைப்பு இருக்கிறதே! “சரிங்க சாரா? நல்லா கேட்ட போ! எங்கம்மா மட்டும் இருந்துச்சுன்னா... போன்ல கைய வுட்டு அவன் காதத் திருகிருக்கும்!”

பெட்டி போட்ட கம்பெனிக்காரர்களே, அன்றைக்குக் கேட்காததை இன்றைக்குக் கேட்கிறேன். அஞ்சாம் கிளாஸ் தாண்டாதவன். எனக்குத் தெரிந்த மாதிரிதான் கேட்பேன்.

வேற்றுக் கிரகத்தில் ராயபுரம் தமிழ் பேசினால் லாஜிக் இடிக்கும். செந்தமிழ் பேசினால் மட்டும் இடிக்காதா? அங்கே தமிழ் வாத்தியாரை யார் கொண்டுபோய் விட்டது? வெளிநாட்டுக்காரனுக்குப் புரியாது என்கிறீர்கள். அவனுக்கு ‘யாது’ மட்டும் புரிந்துவிடுமா? இரண்டுக்கும் அவன் கீழே ஓடுகிற எழுத்தைத்தானே படிக்கப் போகிறான்?

மணல் பொட்டைக்கூட விடாமல் துடைத்திருக்கிறீர்கள். அழுக்கென்று நினைத்து ஒரு மனுஷியின் குரலையும் சேர்த்துத் துடைத்துவிட்டீர்கள். இதற்குப் பெயர் புதுப்பித்தலா? பெட்டியை விற்க அவர் முகம் வேண்டும். வாயைத் திறந்தால் மட்டும் கௌரவம் குறைந்துவிடுமா?

பழைய பொருளை அப்படியே வைத்திருப்பவனைத்தான் நான் கலெக்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதில் திருத்துகிறவனுக்கு என்ன வேலை?

பெட்டி இப்போது ஸ்டெல்லா அக்கா வீட்டில்தான் இருக்கிறது. மாதா படத்துக்குப் பக்கத்தில் அதை நிறுத்தி வைத்திருக்கிறார். மேலட்டைக்காக. டிஸ்க்கை மட்டும் என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார். “அந்த யாதுவ நீயே வெச்சிக்கோ.”

அந்த ஒலி உங்களிடம்தான் இருக்கிறது. உங்கள் பையன் தன் வாயாலேயே சொன்னார். இன்னொரு டிஸ்க்கில் போடுங்கள், போனில் அனுப்புங்கள், எப்படியோ கொடுங்கள். உலகத்துக்கெல்லாம் அப்புறம் அனுப்பிக்கொள்ளலாம்.

ராக்கெட்டுக்கிட்டே மொதல்ல வந்தது பிலோமினாம்மாதான்... அவர் வீட்டுக்கு மொதல்ல காட்டுங்க!