அருவாச் சாமி இறந்த செய்தி

காலை எட்டரை மணிப் பேருந்தில் கோலாலம்பூரிலிருந்து கிளம்பினேன். மலாக்கா சென்ட்ரலுக்கு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். கட்டணம் பதினைந்து வெள்ளி. சிரம்பானைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டங்கள்தான். தூங்கலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

என் அத்தை, அப்பாவின் தங்கை, தொலைபேசியில் மூன்று விஷயங்களைச் சொல்லியிருந்தார். மாமாவுக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி, முற்றிக் கால் பெருவிரல் கறுத்துவிட்டது. விரலை எடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர். மாமா சம்மதிக்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

காரணம், அவர் மணிக்கட்டில் இருக்கும் கறுப்புக் கயிறு. அதைக் கட்டியவர் அருவாச் சாமி. டுரியான் துங்காலுக்கு அப்பால் தோட்டத்து முனியாண்டி கோயிலில், அருவாள்மேல் ஏறி நின்று சுருட்டுப் புகைக்கு நடுவே அருள்வாக்குச் சொன்னவர். மாமா குடியை விட்டது அந்தக் கயிற்றால்தான். அத்தை குடும்பம் நடத்த முடிந்ததும் அதனால்தான். ஆனால் கட்டும்போது சாமி ஒரு நிபந்தனை வைத்தார்: கயிறு கையில் இருக்கும்வரை உடம்பில் இரும்பு படக்கூடாது. மாமா சவரத்தை விட்டார். பிறகு இன்சுலின் ஊசியையும் விட்டார்.

கயிற்றைக் கட்டியவர்தான் அவிழ்க்க வேண்டும். அவர் இறந்துபோனால், தலைமுழுகிவிட்டு ஓடுகிற தண்ணீரில் விடலாம். வேறு வழி கிடையாது என்பது தோட்டத்துப் பழக்கம்.

மலாக்கா சென்ட்ரலில் அத்தையின் பக்கத்து வீட்டுக்காரர் செல்வம் அண்ணன் காருடன் நின்றார். அங்கிருந்து வீடு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். வாசலிலேயே காலின் வாடை வந்தது. மாமா நாற்காலியில், நெஞ்சுவரை தாடியோடு உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா. பஸ்ல கூட்டமா?" என்றார். பிறகு, "நான் கத்திக்குப் பயந்தவன் இல்லம்மா. சாமி அவிழ்த்து விடட்டும், இப்பவே வண்டியில ஏறுறேன்."

சாமி இப்போது இருக்கும் இடம்தான் சிக்கல். தோட்டத்தைவிட்டுப் போய்ச் சில ஆண்டுகள் ஆகின்றன. நகரத்துப் பக்கம், புக்கிட் பெருவாங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் தியான வகுப்பு நடத்துகிறார். இப்போது அவர் பெயர் ஸ்ரீ வியோமா.

மதியம் ஒன்றரைக்கு அத்தையும் நானும் கிளம்பினோம்.

"அந்த ஆளுக்கு இப்பல்லாம் இங்கிலீஷ்லதான் அருள் வருதாம்லா, அக்கா," என்றார் செல்வம் அண்ணன். "முனியாண்டிக்கே விளங்காது."

"ரோட்டப் பாத்து ஓட்டு," என்றார் அத்தை.

மாடியில் குளிர்சாதனம், வெள்ளைத் திண்டுகள், சுவரில் நீல ஒளிவட்டம். வரவேற்பு மேசையில் என் வயதுப் பெண் ஒருத்தி.

"ஆண்டி, அப்பாய்ன்ட்மென்ட் இருக்கா?"

"தோட்டத்துல இருந்து வரோம்மா. சாமிக்கு நம்மள நல்லாத் தெரியும்."

அவள் முகம் சுருங்கியது. "குருஜி அந்தப் பழைய கேஸெல்லாம் பாக்கறது இல்ல ஆண்டி. சோரி."

அத்தை திண்டில் உட்கார்ந்துவிட்டார். வகுப்பு முடிந்து எல்லாரும் வெளியேறும்வரை எழுந்திருக்கவில்லை. கடைசியில் சாமியே வெளியே வந்தார்.

முன்பு தோட்டத்துக் கோயிலில் பார்த்ததிலிருந்து மாறியவற்றை மனத்துக்குள் வரிசைப்படுத்திக்கொண்டேன். சடைமுடி போய்ப் படிய வாரிய கிராப்பு. சிவப்பு வேட்டி போய் வெள்ளை லினன் சட்டை. சுருட்டு இல்லை, குரலில் கரகரப்பும் இல்லை. முனியின் பெயர் எங்குமே இல்லை. மாறாதது ஒன்று: அத்தையைப் பார்த்ததும் சட்டென்று தாழ்ந்த பார்வை. அடையாளம் தெரிந்துவிட்டது.

அத்தை நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். "நீங்க வர வேணாம் சாமி. போன்ல ஒரு வார்த்தை, அவிழ்த்துக்கோன்னு சொன்னாப் போதும்."

மாமாவை அழைக்க நான் கைப்பேசியை எடுத்தேன். "ரெக்கார்டிங் கூடாது," என்றாள் அந்தப் பெண்.

அவர் கண்களை மூடித் திறந்தார். "அம்மா, நீங்க தேடி வந்தவன் இறந்துட்டான். இந்தப் பேர எடுக்குறதுக்கு முன்னால, அவனுக்கு நானே கடைசிக் காரியம் செஞ்சு முடிச்சேன். அவன் கட்டினத நான் எப்படி அவிழ்க்கறது?"

"அப்ப நீங்க யாரு?"

அவர் எங்களை வணங்கிவிட்டு உள்ளே போனார். கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

என் வேலை கணினி வலையமைப்புகளைப் பராமரிப்பது. ஒரு பழைய இயந்திரத்தை நிறுத்துவதற்கு முன், அதை நம்பி எது எது ஓடுகிறது என்று பார்ப்போம். எல்லாவற்றையும் மாற்றிக்கொடுத்த பிறகுதான் மின்சாரத்தைத் துண்டிப்போம். படி இறங்கும்போது இதை அத்தையிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

ஆயர் குரோ விளக்குச் சந்திப்பில் கார் நின்றபோது அத்தை என் பக்கம் திரும்பினார்.

"செத்துட்டேன்னு அவன் வாயாலயே சொன்னானா இல்லையா?"

"சொன்னார் அத்தை."

"நீயும் கேட்டே. செல்வம், ஒரு பூக்கடையில நிறுத்துலா."

சாமந்தி மாலை வாங்கினார். வீட்டுக்குள் போனதும் நேரே சாமி மேடைக்குப் போய், அருவாச் சாமியின் படத்தை எடுத்துத் துடைத்து, மாலை போட்டு, கீழே விளக்கேற்றினார். மாமா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னாடி இது?"

"சாமி செத்துட்டாருங்க."

"எப்ப?"

"நமக்குத்தான் யாரும் சொல்லல."

மாமா என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவர் அழுததை அன்றுதான் முதல்முறை கண்டேன். செல்வம் அண்ணன் அவரைக் கைத்தாங்கலாகக் குளியலறைக்கு அழைத்துப்போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார். கயிறு இறுகிப்போயிருந்தது, அத்தை பல்லால் கடித்து முடிச்சை நெகிழ்த்தினார். தோட்டத்து ஓடையில் அதை விட்டுவிட்டு வந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. உடனே மருத்துவமனைக்குப் போனோம்.

மறுநாள் காலை டாக்டர் வெளியே வந்து மலாயில் பேசினார். விரல் என்பதெல்லாம் போன வாரக் கதை. முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும். மாமா சம்மதித்தார்.

அதற்கடுத்த நாள் மாலை, விடைபெறப் போனேன். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. தாடியை மழித்திருந்தார்கள்; முகம் சிறுத்து வேறு ஆள்போல இருந்தார்.

"சாமிக்கு யாரும்மா கொள்ளி வச்சா?" என்று கேட்டார். "பிள்ளகுட்டி இல்லாத மனுஷன்."

அத்தை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவரே எல்லா ஏற்பாடும் பண்ணிட்டுத்தான் போனாராம், மாமா," என்றேன்.

"அது பத்தாதும்மா. என்னைக் குடியில இருந்து மீட்டவரு. எழுந்து உக்கார முடிஞ்சதும் முனியாண்டி கோயில்ல அவருக்குக் கருமாதி வச்சுடணும். தோட்டத்து ஆளுங்க எல்லாரையும் கூப்பிடணும். நீயும் லீவு போட்டு வா."

வருகிறேன் என்றேன்.

ஆறு மணிப் பேருந்து பாதி காலியாக இருந்தது. மலாக்காவில் பார்க்க வேண்டியவை என்று நண்பர்கள் எழுதிக் கொடுத்த எதையும் நான் பார்க்கவில்லை. கருமாதிக்குத் தோட்டத்து ஆட்கள் வருவார்கள். யாராவது ஒருவர், தட்டில் சோறு விழும்போது, சாமியைப் போன வாரம் புக்கிட் பெருவாங்கில் பார்த்தேனே என்பார். அப்போது மாமா அத்தையைப் பார்ப்பார். அந்த நாளில் அத்தை தனியாக இருக்கக்கூடாது. விடுப்புக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.