தரைக்குத் தேய்த்த அரப்பு

மருமகள் சென்ற வாரம் மூன்று கண்ணாடிப் புட்டிகளை வாங்கி வந்து, இனிமேல் தரை துடைக்கும் திரவத்தை வீட்டிலேயே தயாரிக்கப் போவதாக அறிவித்தாள். வினிகர், சோடா உப்பு, மேலே பத்துச் சொட்டு எலுமிச்சம்புல் எண்ணெய். கைப்பேசியில் ஒரு பெண் சிரித்தபடியே கலக்கிக் காட்டினாள். நுரை பொங்கியது. மருமகளும் பொங்கினாள். நான் சாயப்பட்டறை ஆய்வகத்தில் பல வருடம் குப்பி கழுவி, பிறகு குப்பி கழுவுகிறவர்களை மேய்த்து, ஓய்வு பெற்றவள். வினிகரும் சோடா உப்பும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடும், நுரை அடங்கினால் மிஞ்சுவது ஒருவகை உப்புத் தண்ணீர்தான் என்பது எனக்குத் தெரியும். வாசனை எண்ணெய் தண்ணீரில் கரையாது, முதலில் அதை வேறொன்றோடு பிசைய வேண்டும் என்பதும் தெரியும். இந்த இரண்டாவதை நான் ஆய்வகத்தில் கற்கவில்லை. ஒன்பது வயதில், நல்லூரில், எண்ணெய்த் தலையோடு நின்று கற்றேன்.

அப்போது நாங்கள் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பா முன்னறையில் ஒரு பின்னல் மெஷின் போட்டிருந்தார். பனியன் துணி அதிலிருந்து குழாய்போல இறங்கும். கூடவே, ஊசிகளுக்கு விடும் எண்ணெயும் இறங்கும். துணியை ஏந்திக்கொள்ளப் பெட்டி இருந்தது. எண்ணெயை ஏந்தத் தரைதான். அதன்மேல் பஞ்சுத் தூசி படிந்து படிந்து, மெஷினைச் சுற்றி வண்டிச் சக்கரம் அளவுக்குக் கறுப்பாக ஒரு வட்டம் உண்டாகியிருந்தது. தரையோ சிவப்புக் காவித் தரை. அதைப் போட்டபோது வீட்டுக்காரம்மா கொத்தனாரை நம்பாமல் தானே உட்கார்ந்து தேய்த்து மெருகேற்றியவர்.

அவர் மகனுக்கு எங்கள் முன்னறைமேல் ஒரு கண். அவரும் மெஷின் வாங்கப் போகிறார். காரணமில்லாமல் எங்களைக் காலி செய்யச் சொன்னால் தாயார் ஒப்ப மாட்டார் என்பதால், தரை பாழாகிறது என்று தினமும் ஓதினார். கடைசியில் வீட்டுக்காரம்மா வந்து வாசலிலேயே நின்று சொன்னார்:

"வெள்ளிக்கெழம பொழுதோட வந்து பாக்கறனுங்க. தரை நல்லா இருந்தா இருங்க. கெட்டுப்போயிருந்தா வேற ஊடு பாத்துக்கங்க."

மெஷின் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ளும் வேறு வீடு ஊரில் இல்லை. அப்பா தேடிப் பார்த்துவிட்டார். அம்மா சீமெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். கறுப்பு, பளபளப்பான கறுப்பாயிற்று. அதன்மேல் சாக்கை விரித்து மறைத்துவிடலாம் என்பது அப்பாவின் திட்டம்.

அந்த வெள்ளிக்கிழமை கரண்ட் இல்லை, மெஷின் ஓடவில்லை. அப்பா சாக்கைக் கொண்டுவந்து மூலையில் போட்டுவிட்டு வெளியே போனார். அம்மா என் தலையில் ஒரு கரண்டி எண்ணெயைக் கவிழ்த்தாள். அரப்புத் தூளைக் கிண்ணத்தில் எடுத்து வைத்தாள். "ஊறட்டும் கண்ணு, தண்ணி புடிச்சுட்டு வந்தர்றேன்" என்று குடத்தோடு போய்விட்டாள்.

அரப்பு என்பது இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூள். தலையில் எவ்வளவு எண்ணெய் இருந்தாலும் எடுத்துவிடும். நான் கிண்ணத்தைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். என் தலைக்கு வாரம் ஒருமுறைதான் எண்ணெய். அந்தத் தரைக்குத் தினமும். ஆனால் அதற்கு ஒருவரும் அரப்புப் போட்டதில்லை. இந்த அநியாயம் எனக்கு முதல்முறையாக உறைத்தது.

பாதித் தூளைத் தண்ணீரில் கரைத்துப் பூசினேன். பச்சைச் சேறு கிடைத்தது, கறுப்பு அசையவில்லை. எங்களோடு இருந்த பெரியப்பா, சைக்கிள் சங்கிலி மசியைக் கையிலிருந்து எடுக்க நீலகிரித் தைலம் தேய்த்தது நினைவுக்கு வந்தது. அவருடைய புட்டியை எடுத்து ஊற்றினேன். கறுப்பு இளகியது. இளகியதோடு நில்லாமல் வாசலை நோக்கி நடக்கவும் தொடங்கியது. பயத்தில் மிச்ச அரப்புத் தூளை எல்லாம் அதன்மேல் கொட்டி, தைலத்தோடு பிசைந்து, அப்பிவைத்தேன். சற்று நேரம் கழித்துத் தேங்காய் நாரால் தேய்த்து, தண்ணீர் விட்டேன்.

உள்ளங்கை அளவுக்குச் சிவப்பு தெரிந்தது.

அம்மா திரும்பி வந்தபோது நான் பாதி வட்டத்தைக் கடந்திருந்தேன். முன்னறை முழுக்கப் பச்சை. குடத்தை இறக்கிவைத்துவிட்டு அம்மா என்னைப் பார்த்தாள். அந்தச் சிவப்பைப் பார்த்தாள். அடி விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டேன். அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நவுரு. அந்தப் பக்கத்த நான் பாக்கறேன்."

முடித்துக் கழுவிவிட்டு, கால் தடம் படாமலிருக்க, காய்ந்த தரைமேல் அப்பாவின் சாக்கையே விரித்தோம். பொழுது சாய அப்பா வந்தார். அவர் பின்னாலேயே வீட்டுக்காரம்மாவும் மகனும் வந்துவிட்டதால் அப்பாவிடம் சொல்ல நேரமில்லை. மகன் மூக்கை உறிஞ்சினார்.

"என்னுங்க, ஊடே ஆஸ்பத்திரியாட்டம் வாசம் அடிக்குது?"

"இவளோட பெரியப்பாவுக்குச் சளிங்க" என்றாள் அம்மா. அது உண்மையும்கூட. தைலப் புட்டி காலியானதை அறியாத பெரியப்பா உள்ளே தும்மிக்கொண்டிருந்தார்.

மகன் நேராகச் சாக்கருகே போனார். "அம்மா, இங்க வந்து பாருங்க. எதுக்கு மூடி வெச்சிருக்கறாங்கன்னு பாருங்க" என்று ஒரு முனையைப் பிடித்து உயர்த்தினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

வீடு முழுக்கத் தரை மங்கிக் கிடக்க, மெஷினைச் சுற்றி மட்டும் சிவப்பு தகதகத்தது. சாக்கைப் பிடித்த கை அப்படியே நின்றது. அப்பா கண்ணைத் திறந்து, மறுபடி மூடித் திறந்தார்.

வீட்டுக்காரம்மா குனிந்து தரையை உள்ளங்கையால் தடவினார். கையை மூக்கருகே கொண்டுபோய், பிறகு நிமிர்ந்து மகனைப் பார்த்தார்.

"பாத்துக்கோ கண்ணு. மெசினு எண்ணெ பட்ட எடம் கண்ணாடியாட்டம் இருக்குது. படாத எடந்தான் மங்கிக் கெடக்குது. இவிங்க இன்னொரு மெசினப் போட்டாக்கூடத் தேவல போ."

மகன் சாக்கைக் கீழே போட்டார். நான் "அது நாந்தானுங்க" என்று வாயெடுத்தேன். அம்மா முதுகில் கிள்ளினாள். கிளம்பும்போது வீட்டுக்காரம்மா என் தலையில் கை வைத்தார். கையில் பிசுபிசுத்த எண்ணெயையும், பச்சை அப்பிய என் நகங்களையும் பார்த்தார்.

"ஏங்கண்ணு, பொழுதாகியும் எண்ணெத் தலையோட நிக்கறே?"

"அரப்புத் தீந்துபோச்சுங்க."

"தீந்துபோச்சா?" என்று அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள்.

அன்றிரவு பெரியப்பாவைத் தவிர எல்லோரும் சிரித்தபடி சாப்பிட்டோம். ஒரு வீட்டுக்காரம்மாவையே ஏமாற்றிவிட்ட பெருமையில் எனக்குத் தரையில் கால் பாவவில்லை. மறுநாள் காலை அவர் வீட்டிலிருந்து மூடி போட்ட ஒரு தூக்குப்போசி வந்தது. திறந்தால், விளிம்புவரை அரப்பு. அதன்மேல் ஓர் உருண்டை தேங்காய் நார்.

ஒரு தலைக்கு ஒரு கைப்பிடி அரப்பே அதிகம். நாரை யாராவது தலைக்குத் தேய்ப்பார்களா? பாவம், அவருக்குத் தலைக்குக் குளிக்கவே தெரியாது போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.