கடுகுத் தலையணையும் காணாமல் போன ஊசியும்

எங்கள் வீட்டில் தையல் மெஷின் சத்தம் கேட்டால் தீபாவளி நெருங்கிவிட்டது என்று அர்த்தம். உறவினர்கள் உஷாராகிவிட்டார்கள் என்றும் அர்த்தம்!

போன வருடம் எல்லோர் வீட்டு மிக்ஸிக்கும் எம்ப்ராய்டரி போட்ட உறை. அதற்கு முந்தைய வருடம், நாமக்கல்லில் லாரி வைத்திருக்கும் என் தம்பி முருகேசனுக்கு, கேபினில் மாட்ட லேஸ் வைத்த திரை. 'ரொம்ப நல்லாருக்குதுக்கா' என்று வாங்கிக்கொண்டு போனான். அடுத்த வாரமே அது அவன் லாரி க்ளீனரின் தலையில் முண்டாசாக இருந்ததை நானே பார்த்தேன். கேட்டால், 'வெயிலுக்குக் கட்டியிருப்பான்க்கா' என்கிறான். நானும் சரி என்று விட்டுவிட்டேன்.

ஆனால், இந்த வருடம் விஷயமே வேறு. முருகேசனுக்கும் கீதாவுக்கும் கல்யாணமாகி வெகு காலம் கழித்து, ஏறாத ஆஸ்பத்திரி ஏறி, வேண்டாத தெய்வத்தையெல்லாம் வேண்டி, ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அவளுக்கு இது முதல் தீபாவளி. நான் அத்தை! கடையில் வாங்கிய கவுனை மட்டும் நீட்டினால் என் மெஷினுக்கு என்ன மரியாதை?

கடுகுத் தலையணை தைப்பது என்று முடிவு செய்தேன். பச்சைக் குழந்தைக்குத் தலை உருண்டையாக அமைய வேண்டும் என்று, பஞ்சுக்குப் பதில் கடுகை நிரப்பித் தைப்போமே... அதேதான். மெத்தென்ற மல் துணியில் பை. அதற்கு மேல் மாட்ட ஓர் உறை. உறையில் மயில், வாத்து எல்லாம் போட எனக்கு மனமில்லை. லாரிக்காரன் மகள் அல்லவா? லாரியின் பின்பக்கத்தையே எம்ப்ராய்டரி போட்டேன். சிவப்பு விளக்கு இரண்டு, நடுவில் ஒரு எலுமிச்சை. லாரியில் 'ஒலி எழுப்பவும்' என்று எழுதியிருப்பார்கள் அல்லவா... நான் 'ஒலி எழுப்பாதீர்' என்று எழுதினேன். என் சாமர்த்தியத்தை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

பண்டிகைக்கு முந்தைய நாள் காலையில் குழந்தையோடு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கும் முந்தைய நாள் மத்தியானம்தான் கடுகை நிரப்பினேன். பாதி நிரப்பும்போது போன். கீதாதான். குழந்தை குப்புற விழப் பார்க்கிறாளாம். இது சாதாரண செய்தியா? பேசினேன், பேசினேன், பேசிக்கொண்டே இருந்தேன். பிறகு மீதிக் கடுகையும் கொட்டி, பையின் வாயை மெஷினில் அடித்து, உறையை மாட்டினேன்.

சாயங்காலம் விளக்கு ஏற்றிவிட்டு, ஊசிகளை டப்பாவில் எடுத்து வைக்கப் போனால்... ஒன்று குறைந்தது. எம்ப்ராய்டரி போட்ட பெரிய காது ஊசி.

கட்டிலுக்கு மேலே இல்லை. கீழே இல்லை. மெஷின் மேஜையில் இல்லை. என் புடவையை உதறினேன். அதிலும் இல்லை. அப்போதுதான் தலையணையைப் பார்த்தேன். பையின் வாய் திறந்து கிடந்த நேரத்தில்தானே நான் போனில் இருந்தேன்?

மத்தியானம் பக்கத்து வீட்டுப் பழனியம்மா அக்கா வந்து எட்டிப் பார்த்தது ஞாபகம் வந்தது. காம்பவுண்டு சுவருக்கு ஓடினேன்.

"அக்கா, மத்தியானம் என் ஊசி எதுனாச்சும் கண்ணுல பட்டுதுங்களா?"

அக்கா பதறிப்போய் வாயில் விரலை வைத்தார். "ஏனுங் கண்ணு, வெளக்கு வெச்ச பொறவு அந்தப் பேரச் சொல்லுவாங்களா? எல்லாம் இருக்கற எடத்துல இருக்குமுங்க. காத்தால பேசிக்கலாம், போங்க."

பாம்பை இருட்டிய பிறகு பூச்சி என்று சொல்கிற ஊர் இது. பொழுது சாய்ந்துவிட்டால் மளிகைக் கடையில்கூட ஊசி தர மாட்டார்கள். அக்காவும் அந்தக் கட்சி என்று எனக்குத் தெரியும். 'இருக்கற எடத்துல இருக்கும்' என்றதை ஏதோ வேதாந்தம் என்று நினைத்துக்கொண்டு அழாத குறையாகத் திரும்பினேன்.

கடையைச் சாத்திவிட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் ஒப்பித்தேன். திருச்செங்கோட்டில் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்பவர் அவர். என் கண்ணீருக்கு அசையவில்லை. வந்த வண்டியிலேயே கடைக்குத் திரும்பிப் போய், உள்ளங்கை அகலத்தில் ஒரு காந்தத்தோடு வந்தார்.

"இரும்புதான? இருந்தா வந்து ஒட்டிக்கப் போகுது. இதுக்கு எதுக்கு அழுவற?"

உறையைக் கழற்றிவிட்டுப் பையின் மேல் காந்தத்தை மெதுவாக நகர்த்தினார். ஒரு மூலையில், துணிக்கு அடியில் ஏதோ ஒன்று எழும்பி வந்து ஒட்டியது.

"ஐயோ, இருக்குதுங்க!" என்று அலறிவிட்டேன்.

தையலைப் பிரித்து, ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதில் கடுகைக் கொட்டினோம். "கடுகு செதறுனா ஊட்டுல சண்டை வருமாம், பாத்துக் கொட்டு" என்றார். "இப்ப மட்டும் என்ன கொஞ்சிக்கிட்டா இருக்கறோம்?" என்றேன். காந்தத்தைக் கடுகின் மேல் ஓட்டினார். ஒட்டிக்கொண்டு வந்தது...

ஊசி அல்ல. ஒரு ஸ்டேப்ளர் பின்! கால்கள் விரிந்து, இரண்டு முனையும் கூராக நின்றன.

கடுகு வாங்கிய கவரின் வாயில் ஸ்டேப்ளர் அடித்திருந்தார்கள். நான்தான் அவசரத்தில் பல்லால் கிழித்து அப்படியே கொட்டியிருக்கிறேன். அவர் மறுபடியும் மறுபடியும் காந்தத்தை ஓட்டினார். வேறு எதுவும் ஒட்டவில்லை. கடுகில் ஊசி இல்லை.

நிம்மதிதானே? இல்லையே! தலையணையில் இல்லையென்றால் வேறெங்கே? நாளைக்குக் குழந்தையைக் கிடத்தப் போகிற மெத்தையிலா, பாயிலா? கூட்டினோம், உதறினோம், காந்தத்தால் வீடு முழுக்கத் தடவினோம். இரண்டு ஹேர்பின்னும் தொலைந்துபோன பீரோ சாவியும் கிடைத்தன. ஊசி கிடைக்கவில்லை.

காலையில் போனைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். இத்தனை காலம் காத்திருந்து பெற்ற குழந்தையை முதன்முதலாக அக்கா வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவனிடம் 'வராதே' என்று எந்த வாயால் சொல்வது? அதற்குள் அவனே கூப்பிட்டான். "அக்கா, கெளம்பிட்டோம்!" எனக்கு 'சரிப்பா' என்று மட்டும்தான் வந்தது.

அந்த நேரம் பார்த்து பழனியம்மா அக்கா கேட் திறந்து வந்தார். முகத்தில் அப்படி ஒரு சாந்தம்.

"கண்ணு, ஊசி எடுத்துக்கிட்டீங்களா?"

"எந்த ஊசிங்க அக்கா?"

"அதானுங்க... எம் புள்ள ஜாக்கெட்டுக்குக் கொக்கி வெக்கோணும்னு மத்தியானம் வாங்கிட்டுப் போனேனில்லீங்க? நீங்ககூடப் போன் பேசிக்கிட்டே தலையாட்டுனீங்களே. திருப்பிக் கொண்டாரதுக்குள்ள வெளக்கு வெச்சுட்டீங்க. அதக் கையில குடுக்கக் கூடாதில்லீங்க? அதான் உங்க முன் ரூம்பு காலண்டர்ல குத்திப்போட்டுப் போயிட்டேன்."

ஓடிப்போய்ப் பார்த்தேன். தினசரி காலண்டர் அட்டையின் ஓரத்தில், சிவப்பு நூலோடு, சமர்த்தாக நின்றுகொண்டிருந்தது. வீட்டையே புரட்டிப்போட்ட நாங்கள் சுவரைப் பார்க்கவில்லை.

"ஏனுங்க அக்கா, நேத்து நான் அப்படித் தவிச்சனே... ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"சொன்னேனே கண்ணு! இருக்கற எடத்துல இருக்குதுன்னு."

எனக்கு அவரை நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலவும் இருந்தது. கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கடைசியில் கட்டிப்பிடித்து அழுதேன். அப்பாடா... நெஞ்சில் இருந்த கல் இறங்கியது.

அவர்கள் வருவதற்குள் காந்தம் ஓட்டிப் பார்த்த கடுகை மறுபடி நிரப்பித் தைத்துவிட்டேன். குழந்தை வந்தாள். 'வாங்க சாமி' என்று பழனியம்மா அக்காதான் முதலில் கையில் வாங்கினார். தலையணையில் கிடத்தினோம். அந்தப் பக்கம் ஒருமுறை, இந்தப் பக்கம் ஒருமுறை தலையை உருட்டிவிட்டு, சுகமாகத் தூங்கிப் போனாள். உறையில் இருந்த லாரியைப் பார்த்துச் சிரிக்கப் போன முருகேசன், 'ஒலி எழுப்பாதீர்' என்பதைப் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டான். இதை எந்த க்ளீனரும் தலையில் கட்ட முடியாது!

நடந்ததையெல்லாம் கிசுகிசுப்பாகச் சொன்னேன். ஸ்டேப்ளர் பின் என்றதும் கீதா கண் கலங்கிப்போய்க் குழந்தையின் தலையைத் தடவினாள். அப்போதுதான் பழனியம்மா அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பாத்தீங்களா கண்ணு? நேத்தே நான் காலண்டர்ல இருக்குதுன்னு சொல்லிப்போட்டிருந்தா, நீங்க காந்தம் வெச்சுப் பாத்திருப்பீங்களா? அதுக்குத்தானுங்க பெரியவங்க அப்பவே சொல்லி வெச்சாங்க."

மூடநம்பிக்கை என்று அடித்துச் சொல்ல வாய் வருகிறது... தூங்குகிற அந்த முகத்தைப் பார்த்தால் அப்படியே அடங்கிவிடுகிறது.

ஆகவே, விளக்கு வைத்த பிறகு இனி எங்கள் வீட்டில் ஊசிப் பேச்சே கிடையாது. ஸ்டேப்ளர் பின்னைப் பற்றித் தாராளமாகப் பேசலாம்... பெரியவர்கள் அதைத் தடை செய்யவில்லை!