முனையில் கியர் மாறும் சத்தம்

போன வாரம் பெட்ரோல் பங்க்கில் எனக்கு முன்னால் ஒரு பெரியவர் நின்றிருந்தார். அவருடைய ஸ்கூட்டர் அவரைவிடக் கொஞ்சம்தான் இளையது. பெட்ரோல் போட்ட பெண்ணிடம் "ஆயில் அடிம்மா" என்றார். அந்தப் பெண் கண்ணாடி அலமாரியில் அடுக்கியிருந்த எஞ்சின் ஆயில் டப்பாக்களைக் காட்டினாள். "அது இல்லம்மா, பெட்ரோல்ல கலக்குறது" என்றார். அவளுக்குப் புரியவில்லை. பெரியவர் கோபப்படவில்லை. இதெல்லாம் எதிர்பார்த்தவர்போல வண்டியின் பெட்டியைத் திறந்து ஆயில் நிரப்பி வைத்திருந்த ஒரு தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்தார், அதன் மூடியாலேயே அளந்து டேங்க்கில் ஊற்றினார், இரண்டு உதை உதைத்தார். பின்னால் நின்ற எங்கள் எல்லோர் முகத்திலும் நீலப் புகையை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

எனக்குப் பின்னால் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். நான் மட்டும் மூச்சை நன்றாக இழுத்தேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். உங்களிடம் சொல்ல என்ன.

ஒரு காலத்தில் எல்லா பங்க்கிலும் ஆயில் அடிப்பதற்கென்றே கைப்பிடி வைத்த ஒரு சின்ன மெஷின் ஓரமாக நிற்கும். அது எப்போது காணாமல் போனது என்று யோசித்தபடியே வண்டியை ஓட்டினேன். அந்த வாசனை என்னை நேராக பெங்களூர் அடுகோடியில் கொண்டுபோய் விட்டது. சரோஜா ஆன்ட்டி வீட்டு ஷெட்டில்.

ரெண்டாயிரங்களின் ஆரம்பம் அது. கம்ப்யூட்டர் படித்தவனுக்கெல்லாம் பெங்களூரில் வேலை என்று ஊரில் நம்பிக்கொண்டிருந்தபோது, இங்கே கம்பெனிகள் ஆட்களை வேலையில்லாமல் உட்கார வைத்திருந்தன. அதற்குப் பெயர் பெஞ்ச். நானும் அறைத் தோழன் சேகரும் அந்த பெஞ்ச்சில் இருந்தோம். காலையில் போய், கேன்டீனில் காபி குடித்து, மெயில் பார்த்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வருவோம். என்ன வேலை என்று வீட்டில் கேட்டால் டெஸ்டிங் என்போம். எதை டெஸ்ட் செய்கிறோம் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை.

நாங்கள் குடியிருந்தது ஆன்ட்டி வீட்டு மாடி அறையில். ஓட்டு வீட்டின் மேல் பிற்பாடு ஒட்டவைத்த அறை. சுற்றிலும் வெல்டிங் கடையும் டிங்கரிங் கடையும்தான். நாள் முழுக்கத் தகரத்தில் சுத்தியல் அடிக்கும் சத்தம் கேட்கும். ஆன்ட்டியின் மாமனார் காலத்திலேயே வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். எங்களிடம் தமிழ், காய்கறிக்காரரிடம் கன்னடம், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும்.

ஷெட்டில் தார்ப்பாய் போர்த்தி ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. மைசூரில் செய்த பழைய வண்டி. ஒரே எஞ்சினுக்கு இரண்டு சைலன்சர். முன்பக்கம் கியராகக் கிடக்கும் லீவரை உள்ளே அழுத்தி மேலே தூக்கினால் அதுவே கிக்கர் ஆகிவிடும். அந்த வருஷ ஆயுத பூஜைக்குச் சாத்திய மாலை காய்ந்துபோய் ஹேண்டில்பாரில் தொங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் தீபாவளி முடிந்துதான் அங்கே குடிபோனோம். வண்டியைப் பார்த்த அன்றே சேகர் அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவனுக்கு ஊர் நாமக்கல். லாரி ஊரில் பிறந்ததால் எஞ்சின் ஞானம் தன் ரத்தத்திலேயே ஓடுகிறது என்பது அவன் எண்ணம். அதுவரை அவன் ஸ்பேனர் பிடித்து நான் பார்த்ததில்லை.

ஆன்ட்டிதான் முதலில் கேட்டார். வீட்டை பில்டரிடம் கொடுக்கப் பேசி முடித்துவிட்டார். பொங்கல் கழிந்ததும் இடிப்பார்கள். அவர் மைசூரில் மகள் வீட்டுக்குப் போகிறார். வண்டியைக் கோலாரிலிருந்து, காலமாகிவிட்ட அங்கிளின் தம்பி மகன் வந்து எடுத்துக்கொள்வான். அதற்குள் அது ஓட வேண்டும்.

"டெம்போல ஏத்தி அனுப்பிடலாமே ஆன்ட்டி" என்றேன்.

"வேணாம்பா." தார்ப்பாயை இழுத்துச் சரிசெய்தார். "அவரு காலைல ஷிப்ட்டுக்குப் போனாரு. பேக்டரிலயே நெஞ்சுவலி. அவர ஆஸ்பத்திரி வண்டில கொண்டாந்தாங்க. மறுநாள் இத யாரோ தள்ளிகினு வந்து ஷெட்ல வுட்டுட்டுப் போனாங்க. அன்னிக்கு சத்தமே இல்லாம வந்துச்சு. போறப்பவாச்சும் சத்தத்தோட போவட்டும்."

அதற்குப் பிறகு டெம்போவைப் பற்றி யார் பேசுவார்கள்?

தெருமுனையில் ஒரு பாய் மெக்கானிக் கடை வைத்திருந்தார். வந்து பார்த்தார். "இஞ்ஜின் எறக்கணும் தம்பி. கடைக்கித் தள்ளிகினு வா" என்றார். தள்ளக்கூடாது என்பதுதானே இங்கே பிரச்சினை. அதை விளக்கியதும் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். ஆனாலும் பிளக் ஸ்பேனரை இரவல் கொடுத்தார். அப்படி ஆரம்பித்தது எங்கள் ஞாயிற்றுக்கிழமை வைத்தியம்.

அலுவலகத்தில் டெஸ்ட் செய்ய ஒன்றும் இல்லாததால் இதை முறையாகச் செய்வது என்று முடிவெடுத்தோம். எஞ்சின் ஓட மூன்று வேண்டும் என்றான் சேகர். நெருப்பு, காற்று, பெட்ரோல். மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம், எது இல்லையோ அதுதான் நோய். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

முதலில் நெருப்பு. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மேல் சாய்த்து வைத்து உதைத்தோம். பொறி வரவில்லை. பொறிக்கான பாயிண்டைத் திறந்து உப்புத்தாளால் தேய்த்துவிட்டு மறுபடி உதைத்தால், நீலமாக ஒரு பொட்டு. நாங்கள் இரண்டு பேரும் அடுகோடி முழுவதற்கும் நாங்களே மின்சாரம் கொண்டுவந்ததுபோல ஆன்ட்டியைக் கூப்பிட்டுக் காட்டினோம். அவர் "ஓ" என்றார். அடுத்தது காற்று. பிளக் இருந்த ஓட்டையில் கட்டை விரலை வைத்து நான் அழுத்த, சேகர் உதைக்க, விரலைத் தூக்கி எறிந்தது. பாஸ். கடைசியாகப் பெட்ரோலுக்காகக் கார்புரேட்டரைக் கழற்றினோம். உள்ளே பழைய பெட்ரோல் வார்னிஷ் மாதிரி படிந்திருந்தது. துடைப்பக் குச்சியால் துளைகளைக் குத்திக் கழுவி மாட்டினோம். டேங்க்கை ஆட்டிப் பார்த்தால் அடியில் கொஞ்சம் சலசலத்தது. "இருந்துட்டுப் போவட்டும், புதுசோட கலந்துக்கும்" என்றான் சேகர். அதன் மேலேயே புதுப் பெட்ரோலும் ஆயிலும் ஊற்றினோம். எங்கள் முறையான சோதனை அந்த இடத்தில் கொஞ்சம் தூங்கிவிட்டது.

வண்டி கிளம்பவில்லை. பிளக் ஓட்டையில் நேராக ஒரு மூடி பெட்ரோல் விட்டு உதைத்தால் மட்டும் தடதடவென்று உயிர் வரும், எண்ணி முடிப்பதற்குள் அடங்கிவிடும். ஒவ்வொரு தடவை அது துடித்தபோதும் சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுபோகும். அடங்கியதும் மறுபடி தொடங்கும். எனக்கு அதுதான் தாங்கவில்லை. ஒரு மனுஷியின் ஆசையை நாங்கள் வாரா வாரம் எழுப்பி எழுப்பிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தோம். மார்கழியும் பிறந்துவிட்டது. லீவர் திருப்பி அடித்து சேகரின் முழங்கால் வீங்கியிருந்தது. அலுவலகத்தில் அவன் நொண்டியதைப் பார்த்து கிரிக்கெட்டா என்று கேட்டார்கள். ஆமாம் என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அலுத்துப்போய் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றி அதில் இருந்ததை சிமெண்ட் தரையில் கொட்டினேன். வெயில் நேரம். பெட்ரோல் உடனே காய்ந்துவிட்டது. ஆனால் தரையில் உருண்டை உருண்டையாகக் கொஞ்சம் துளிகள் அப்படியே நின்றன. விரலால் தொட்டு முகர்ந்தேன். பெட்ரோல் வாடைக்கு அடியில் வேறு ஒரு வாசனை. தெரிந்த வாசனை. ஆனால் எஞ்சினுக்குள் இருக்கவே முடியாத வாசனை. சேகரும் முகர்ந்தான்.

"டேய், பச்சைக் கற்பூரம்டா."

டேங்க்குக்குக் கீழே இருந்த பெட்ரோல் குழாயைத் திருகிக் கழற்றினோம். அதன் வடிகட்டியில் கறுத்துச் சுருண்டு ஒரு துளசி இலை ஒட்டிக்கொண்டிருந்தது.

ஆன்ட்டியைக் கேட்டோம். அவர் கொஞ்சமும் தயங்காமல் சொன்னார். "ஆயுத பூஜைக்குத் தீர்த்தம் ஊத்துவேம்பா. வருஷா வருஷம். அவரு செய்வாரே. பூஜை முடிஞ்சதும் மூடியத் தொறந்து சின்னக் கிண்ணத்துல ஏதோ ஊத்துவாரு. அவருக்கப்புறம் யாரு செய்வாங்க? நான்தான் செய்யணும். ஒரு வருஷம் கூட வுட்டதில்ல."

சேகர் என்னைப் பார்த்தான். நான் டேங்க்கைப் பார்த்தேன். தண்ணீர் பெட்ரோலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். குழாய் வழியாக முதலில் இறங்குவதும் அதுதான். அங்கிள் ஊற்றியது தீர்த்தமாக இருந்திருக்க முடியாது. அன்று வண்டியைக் கழுவித் துடைத்து, பூஜை போட்டு, புதிதாகப் பெட்ரோல் நிரப்பி, அதில் கலக்க வேண்டிய ஆயிலை அளந்து ஊற்றியிருப்பார். பூஜைக் கிண்ணம் கைக்கு வாகாகக் கிடைத்திருக்கும். இதை எப்படிச் சொல்வது? நாங்கள் "கொஞ்சம் துரு ஆன்ட்டி" என்று முனகிவிட்டு டேங்க்கைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டோம்.

சின்ன நட்டுகளும் ஜல்லியும் மண்ணெண்ணெயும் போட்டு டேங்க்கைக் குலுக்கிக் கழுவினோம். அடுத்த ஞாயிறு எல்லாவற்றையும் மாட்டிய பிறகு, ஆன்ட்டி தானாகவே குளித்து, பூ வைத்து, தீர்த்தக் கிண்ணத்தோடு ஷெட்டுக்கு வந்துவிட்டார். சேகர்தான் சமாளித்தான். ஆயில் பாட்டிலை அவர் கையில் கொடுத்தான்.

"ஆன்ட்டி, அங்கிள் ஊத்துனது இதுவா பாருங்க."

அவர் மூடியைத் திறந்து முகர்ந்தார். பாட்டிலை மூக்கை விட்டு எடுக்கவே இல்லை.

"இதுதாம்பா" என்றார் கடைசியில். "அவரு சட்டைல, கையில எல்லாம் இருக்கும். எத்தினி சோப்பு போட்டாலும் போவாது." பிறகு அவருக்கு உறைத்தது. "அப்போ நான் இத்தினி வருஷமா தண்ணிய ஊத்திகினு இருந்தனா?"

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "நின்னு பாத்ததே இல்லப்பா. பூஜை முடிஞ்சா எனக்கு வட சுடற வேல. அவரு ஏதோ ஊத்துறாருன்னு தெரியும், அவ்ளோதான்." பிறகு ஆயிலை அந்தப் பூஜைக் கிண்ணத்திலேயே அளந்து, அவரே டேங்க்கில் ஊற்றினார். தீர்த்தத்தைச் சக்கரத்துக்கு விட்டார்.

நாலாவது உதையில் வண்டி கிளம்பியது. இந்தத் தடவை அடங்கவில்லை. ஷெட் முழுக்க நீலப் புகை. சேகர் லீவரைக் கியருக்கு மாற்றிவிட்டு, வீங்கிய முழங்காலோடு, ஒரு ரவுண்டு போய்வருகிறேன் என்று கிளம்பினான். நானும் ஆன்ட்டியும் ஷெட்டில் நின்றோம். சத்தம் தேய்ந்துபோய், அப்புறம் தூரத்தில் மறுபடி கேட்டது. முனையில் திரும்பும்போது சேகர் கியரைக் குறைத்தான். எஞ்சின் ஒரு முறை உறுமிவிட்டு இறங்கியது.

ஆன்ட்டி சட்டென்று திரும்பி உள்ளே போனார். அழப்போகிறார் என்று நினைத்து நான் பின்னால் போகவில்லை. கேஸ் அடுப்பு பற்றும் சத்தம் கேட்டது. சேகர் வாசலில் வண்டியை நிறுத்திய கொஞ்ச நேரத்தில் ஆன்ட்டி காபியோடு வந்தார். கையில் ஒரு பெரிய பித்தளை டம்ளர். நாங்கள் அந்த வீட்டில் குடித்த எத்தனையோ காபிகளில் ஒரு தடவைகூடப் பார்க்காத டம்ளர். வேகமாக வந்தவர் வாசற்படியில் சேகரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"தெருமுனைல அந்தச் சத்தம் கேட்டா பால் வெப்பேன்" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "அவரு செருப்பக் கழட்டறதுக்குள்ள காபி ரெடியா இருக்கணும்."

டம்ளரை ஆன்ட்டியே அவன் கையில் வைத்தார். "குடிப்பா. ஆறிடும்."

அவன் குடித்தான். பிறகு டம்ளரைக் கழுவிக் கொடுத்துவிட்டு மாடிக்கு வந்து படுத்துக்கொண்டான்.

பொங்கல் கழிந்து கோலாரிலிருந்து அந்தப் பையன் வந்தான். வண்டி ஓடித்தான் போனது. ஆன்ட்டி வாசலுக்கு வரவில்லை. "நான் எப்பவுமே உள்ள இருந்துதான் கேப்பேன், நீங்க போயி அனுப்பிட்டு வாங்க" என்றார். சத்தம் முனை திரும்பி, ஓசூர் ரோட்டு லாரிகளுக்குள் கரைந்துபோன பிறகு நான் உள்ளே போனேன். அவர் அடுப்பு மேடையில் கையை ஊன்றி நின்றிருந்தார். அடுப்பு பற்றவைக்கவில்லை. "ஆய்த்து" என்றார் கன்னடத்தில். ஆயிற்று.

வீடு இருந்த இடத்தில் இப்போது ஐந்து மாடிக்கு ஒரு விடுதி நிற்கிறது. பாயின் கடையில் மொபைல் உறைகள் தொங்குகின்றன. சேகர் வெளிநாடு போய்விட்டான். எப்போதாவது பேசும்போது முழங்காலைப் பற்றிக் கேட்பேன், மழைக்காலத்தில் வலிக்கிறது என்று பெருமையாகச் சொல்வான். ஆன்ட்டி மைசூரிலிருந்து சில வருஷம் ஆயுத பூஜைக்கு போன் செய்துகொண்டிருந்தார். பிறகு அது நின்றுபோனது. ஏன் என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அன்று பங்க்கில் என் காருக்குப் பெட்ரோல் போட்டேன். ஆனால் தினமும் அலுவலகம் போய்வருவது பேட்டரி ஸ்கூட்டரில்தான். நல்ல வண்டி. புகை கிடையாது, உதைக்க வேண்டாம், எந்த நோயும் வருவதில்லை. தெருமுனையில் திரும்புவது எனக்கே கேட்காது. மாடியேறி வந்து, செருப்பைக் கழற்றி, சோபாவில் உட்கார்ந்து வெகுநேரம் கழித்துத்தான் என் மனைவி உள்ளேயிருந்து வந்து என்னைப் பார்க்கிறாள்.

"எப்ப வந்தீங்க?" என்கிறாள்.