லண்டன் பிரஷ்

வெள்ளவத்தையில் நாங்கள் நீர்வர்ணம் பழகிய சனிக்கிழமை வகுப்பில் ராஜன் அங்கிளின் பிரஷ்ஷுக்குத்தான் மரியாதை அதிகம். லண்டனில் இருக்கும் மகள் அனுப்பியது. என் நைலோன் பிரஷ்ஷைக் கண்டாலே அவர் முகம் கோணும்.

“உது சின்னப்பிள்ளையள் கீறுறதுக்கு. இது அசல் மிருக மயிர். தண்ணியை எப்பிடிப் பிடிச்சு வைச்சிருக்கு, பாருங்கோ!”

நாங்களும் பார்த்துத் தலையாட்டினோம்.

ஒருநாள் வகுப்பில் கூடப் படிக்கும் ஃபர்ஹானா அதை இரவல் கேட்டாள். தொடுமுன், “என்ன மிருகம் அங்கிள்? பன்றி முடின்டா எனக்குத் தொட ஏலா,” என்றாள். அவருக்குத் தெரியவில்லை. பெருமையோடு மகளுக்கு அழைப்பெடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“மிருகமோ? அப்பா, நீங்கள் சுத்த சைவம், முருகன் படம் வேற கீறுறனீங்கள் எண்டுதானே தேடி நைலோன் வாங்கினனான்!”

வகுப்பே விழுந்து விழுந்து சிரிக்கும் என்று காத்திருந்தேன். அங்கிள் தொண்டையைச் செருமினார்.

“லண்டன் நைலோன் வேற.”

எல்லோரும் ஆமோதித்தார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தால் வீடு கூட்டும் தும்புத்தடியையும் கும்பிடும் கூட்டம்! எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை, மற்றவர்கள் வருமுன்பே போய் அங்கிளின் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

“அங்கிள், மகள் டிசம்பரில வரேக்க எனக்கும் ஒண்டு கொண்டுவரச் சொல்லுவீங்களோ?”

அப்போது என் குரலில் இருந்த பணிவை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.