அவள் கண்ணுக்குச் செய்த கண்ணாடி

நாங்கள் குடியேறி வாழும் சென்ட் லோரன்ட் நகராட்சியின் நீச்சல் குளத்தில் நானும் என் மனைவியும் நீந்தக் கற்றது அறுபது வயதைக் கடந்த பிறகு. மெக்சிகோவின் வளைகுடா ஒன்றில், இருபது பேர் மட்டும் செல்லும் சிறு கப்பலில் போய், கடற்சிங்கங்களுக்கு நடுவே மிதக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை.

"இஞ்சேருங்கோ, உங்கட நீச்சலைக் கண்டால் கடற்சிங்கம் சிரிச்சே சாகும்."

"கண்ணாடியைக் கழட்டினா உமக்குச் சிங்கமும் ஒண்டுதான், நானும் ஒண்டுதான்."

அதில் மிகையில்லை. சிறு வயதிலிருந்தே அவளுக்குக் கடுமையான கிட்டப்பார்வை. ஆகவே, தன் கண்ணின் அளவுக்கு வில்லை பொருத்திய நீச்சல் முகக்கண்ணாடி ஒன்றைச் செய்வித்தாள். குளத்தில் ஒரு முறை அணிந்து பார்த்தாள். பிறகு நோய் வந்தது. பனி உருகுமுன் அவளைத் தகனம் செய்தோம்.

பயணத்தைக் கைவிட மகள் சம்மதிக்கவில்லை. பக்கத்து நகரான லவாலிலிருந்து வந்து, அம்மாவின் இடத்தில் தானே வருவதாகச் சொன்னாள். மறுக்கும் வலு எனக்கு இருக்கவில்லை.

நான் இயற்பியல் கற்பித்தவன். வெண்புரை நீக்கிய என் கண்களுக்குத் தூரத்தில் உள்ளதைப் பார்ப்பதில் குறையேதும் இல்லை. அவளுக்குத் தெளிவைத் தந்த வில்லை எனக்கு மங்கலையே தரும் என்பதை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எனினும் வளைகுடாவுக்குப் போய்ச் சேர்ந்து, கப்பலிலிருந்து இறக்கிய ரப்பர் படகில் அமர்ந்து அதையே அணிந்தேன். அவள் பார்த்திருக்கக்கூடியதை அவளுடைய இடத்திலிருந்து ஒரு முறை பார்க்க வேண்டும். அந்தப் பயணத்தில் நான் வேண்டியது அது ஒன்றே.

"அப்பா, அது அம்மான்ர. உங்களுக்கு எல்லாம் மங்கலாத்தான் இருக்கும்."

"இருக்கட்டும்."

"பேந்து என்னைக் குறை சொல்லக்கூடாது, ஓம்?"

நீர் குளிர்ந்திருந்தது. பழுப்பு நிறத்தில் ஏதோ வந்தது, விலகியது, மீண்டும் வந்தது. காலில் மாட்டிய துடுப்பை ஏதோ மெல்லக் கவ்வி இழுத்தது. படகில் ஏறியதும், குட்டியொன்று என் முகத்தருகே நெடுநேரம் சுற்றிக்கொண்டிருந்ததாக வழிகாட்டி சொன்னார். மற்றவர்கள் என்னை அதிர்ஷ்டசாலி என்றார்கள். நான் கண்டது புகை போன்ற ஓர் அசைவை மட்டுமே. அதற்குள் அவள் இல்லை.

மறுநாட் காலை, கப்பலில் தரும் சாதாரண முகக்கண்ணாடியை மகள் என் மடியில் வைத்தாள். அணிந்துகொண்டு இறங்கினேன். இம்முறை யாவும் துலக்கமாக இருந்தன. குட்டி தலைகீழாக வந்து நின்றது. அதன் மூக்கிலிருந்து குமிழிகள் சரமாக மேலேறின. மீசை மயிர்களைத் தனித்தனியே காண முடிந்தது. கரிய பெரிய கண்களால் என்னைப் பார்த்துவிட்டு, உடலை ஒரு முறை சுருட்டிப் பாறைகளின் பக்கம் போயிற்று. குறையற்ற காட்சி. பார்த்தேன். எனக்குள் எதுவும் அசையவில்லை.

மகள் என் அருகே தலையை உயர்த்தி, வாயிலிருந்த குழாயை எடுத்தாள்.

"கண்டனீங்களே, அப்பா? எப்பிடி?"

"வடிவு."

என் மனைவியாக இருந்தால், அழகு என்று சொல்லி முடித்த அந்த ஒற்றைச் சொல்லோடு விட்டிருக்க மாட்டாள். என்ன வடிவு, எந்த நிறம், பல்லைக் காட்டியதா, பயந்தீர்களா என்று இரவு உணவு வரை குடைந்திருப்பாள். மகள் தலையசைத்துவிட்டுப் படகை நோக்கி நீந்தினாள். நான் பின்னால் போனேன்.