கொதிக்காத சோயா பால்

மாட்டுப்பால் ஒத்துக்கொள்ளாத என் மகளுக்குத் தேங்காய்ப்பால்தான் கொடுத்துவந்தேன். "அதில் கொழுப்புதான் அதிகம். புரதத்துக்குச் சோயா பால் கொடுங்க" என்றார் டாக்டர்.

கொல்லிமலைச் சந்தையில் சோயா பீன்ஸ் வாங்கி, ஊறவைத்து அரைத்துப் பிழிந்தேன். தேங்காய்ப்பாலைப் போலவே நுரை கட்டியதும் அடுப்பை அணைத்தேன். குடித்த சற்று நேரத்தில் மகளுக்கு வாந்தி. நல்லவேளை, அதோடு நின்றது.

பூச்சிமருந்து அடித்த சரக்கோ? அடுத்த சந்தையில், பீன்ஸ் விற்ற வியாபாரி பாயைப் பிடித்தேன்.

"ஏனுங்க, நல்லாக் கொதிக்க வெச்சீங்களா?" என்றார்.

"கொதிச்சாத் திரிஞ்சிராதுங்களா?"

"அது தேங்காய்ப்பாலுங்க. சோயா பச்சையா இருந்தா வவுத்தப் புரட்டும்."

தப்பிக்கப் பார்க்கிறார் என்றே நினைத்தேன். அதே பீன்ஸில் பால் எடுத்து, நன்றாகக் கொதிக்கவைத்து நானே குடித்தேன். ஒன்றும் ஆகவில்லை.

இப்போது தேங்காய்ப்பால் குழம்புக்கு மட்டும்தான். சோயா பாலை வெகுநேரம் கொதிக்கவிட்டு, முதல் டம்ளரை நான் குடித்த பிறகே மகளுக்குக் கொடுக்கிறேன். பாயை நம்பிவிட்டேன்; என் கையைத்தான் இன்னும் நம்பவில்லை.